உலையும் ஓலையும்

உலை கொதியாத வீட்டில் பிள்ளையின் கையில் ஓலை நிலைக்காது. இவ்வுண்மையை உணர்ந்தே காமராசர் 1956-இல் பள்ளிகளில் நண்பகலுணவு அளித்தார். 1982-இல் அத்திட்டம் விரிந்தது; 2022-இல் காலையுணவும் சேர்ந்தது. பசி தணிந்ததால், கூலிக்குப் போகவிருந்த பிள்ளைகள் பலர் பள்ளியில் நிலைத்தனர்.

ஆனால், உலை கொதிக்கும் வீடுகளிலும் இன்று வேறொரு வறுமை புகுந்துள்ளது. ஆங்கிலவழிப் பள்ளிக் கட்டணத்திற்காகத் தாய் தன் காதணியை ஈடுவைக்கிறாள். தந்தை இரவிலும் வேலைக்குச் செல்கிறான். பாலும் முட்டையும் குறைகின்றன, வட்டி வளர்கிறது, வீட்டில் பூசல் மிகுகிறது. அப்பூசலுக்கு நடுவே, தாய்க்குத் தெரியாத மொழியில் பிள்ளை பாடத்தை நெட்டுருச் செய்கிறது. ஐயம் எழுந்தால் கேட்க ஆளில்லை, தனிப்பயிற்சிக்குப் பணமில்லை.

செல்வர் வீட்டுப் பிள்ளைக்கோ இக்குறைகளைப் பணமே நிரப்பிவிடும். 2017 முதல் இங்கு மருத்துவக் கல்விக்கு நடுவணரசின் நுழைவுத்தேர்வே வாயிலாயிற்று. பயிற்சிக்குப் பணமுள்ளவர்க்கே அவ்வாயில் எளிதில் திறந்தது. அதனாலன்றோ அரசுப்பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காட்டு இடங்களை ஒதுக்க 2020-இல் தனிச்சட்டம் வேண்டியதாயிற்று!

தமிழர்களே! எளியவன் தன் குருதியை விற்று அயன்மொழியை வாங்குவது அவன் குற்றமன்று. தமிழ்வழிக் கல்விக்கு வேலை உறுதி தராத ஆட்சியாளரின் குற்றம். தமிழ்வழிப் பயின்றோர்க்கு அரசுப்பணியில் 20 விழுக்காட்டு முன்னுரிமை தந்த 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு தொடக்கமே. இருபது நூறாகட்டும்!

பெற்றோர் வருவாய் எதுவாயினும், பிள்ளைகள் அனைவர்க்கும் ஒரே தரமான தமிழ்வழிக் கல்வி வேண்டும். உலையா ஓலையா என்று ஒரு தாய் கலங்கி நிற்கும்வரை நம் பணி ஓயாது!