அந்தக் காருக்கு ஒரிஜினல் எது?

போன மாதம் என் அக்காவின் மகனோடு ஒரு மொடல் கண்காட்சிக்குப் போனேன். அவனுக்குப் பதினைந்து வயது. தான் செய்த காரைச் சப்பாத்துப் பெட்டி ஒன்றில் பஞ்சு வைத்து, மடியில் ஏந்திக்கொண்டு வந்தான். ஜப்பானின் தமியா நிறுவனம் 1:24 அளவில் வெளியிட்ட பிளாஸ்ரிக் கிற் அது. லோட்டஸ் சுப்பர் செவன், சீரிஸ் 2. கூரையில்லாத, இரண்டே பேர் போகக்கூடிய பழைய பிரித்தானியக் கார். இந்த வகைக் காரைத்தான் ரோட்ஸ்ரர் என்பார்கள்.

மேசையில் வைத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு பெரியவர் வந்து குனிந்து பார்த்தார். “செவன் என்றால் பச்சை உடம்பு, மஞ்சள் மூக்கு. இது ஒரிஜினல் இல்லை” என்றார். சீற்றுகளைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது மருமகன் ஒன்றுமே கதைக்கவில்லை. “அவர் கிடக்கிறார், உன்ர கார் சுப்பராய் இருக்குதடா” என்று நான் சொன்னேன். அன்றிரவே அவன் அந்தப் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டதாக அக்கா சொன்னா.

பெரியவர் சொன்னது பிழை என்று அன்று நினைத்தேன். நான் சொன்னதும் பிழைதான் என்று விளங்க எனக்கு ஒரு கிழமை எடுத்தது. அவரும் காரைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

முதலில் அவருடைய பேச்சை எடுப்போம். பச்சை உடம்பும் மஞ்சள் மூக்கும் எங்கிருந்து வந்தன? 1967இல் வெளிவந்த ‘த பிரிசனர்’ என்ற பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடரில் கதாநாயகன் ஓட்டிய செவனின் நிறம் அது. அந்தத் தொடர் பலருடைய மனதில் பதிந்ததால், செவன் என்றதும் அந்த நிறம்தான் நினைவுக்கு வருகிறது. உங்கள் மொடலை ‘அந்தத் தொடரில் வந்த கார்’ என்று சொல்லி மேசையில் வைத்தால், பச்சையும் மஞ்சளும் கட்டாயம் வேண்டும். அதில் பெரியவர் சொன்னதுதான் சரி. ஆனால் மருமகன் அப்படிச் சொல்லவில்லை. அவன் செய்தது ஒரு செவன், அவ்வளவுதான்.

செவனுக்கு ஒரிஜினல் என்று ஒன்றைக் காட்டுவதும் சுலபமில்லை. கொலின் சப்மனின் லோட்டஸ் நிறுவனம் 1957இல் அதை அறிமுகப்படுத்தியது. அந்தக் காலத்தில் பிரித்தானியாவில் முழுதாகக் கட்டிய புதுக் காருக்குக் கொள்வனவு வரி கட்ட வேண்டும். பாகங்களாக வாங்கி நீங்களே பூட்டினால் அந்த வரி இல்லை. அதனால் பலர் செவனைப் பெட்டிகளில் வாங்கி, வீட்டுக் கராஜில் வைத்துத் தாங்களே பூட்டினார்கள். நிஜக் காரே ஒரு கிற்தான்!

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வரிவிலக்குக் கிடைக்க வேண்டுமானால் பாகங்களோடு ‘பூட்டும் முறை’ எழுதிய தாளைக் கொடுக்கக்கூடாது. ஆனால் ‘கழற்றும் முறை’ கொடுக்கக்கூடாது என்று சட்டத்தில் இல்லை. ஆகவே லோட்டஸ் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தது என்று செவன் பிரியர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். வாங்கியவர் அதைக் கடைசி வரியிலிருந்து முதல் வரிக்கு வாசித்துப் பூட்டிக்கொள்ள வேண்டியதுதான். 1973இல் கொள்வனவு வரி போய் வற் வரி வந்ததோடு அந்த இலாபம் முடிந்தது. அதே ஆண்டில் செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்திடம் போனது. இன்றைக்கும் அதைக் கிற்றாக வாங்கலாம்.

எஞ்சினும் ஒரே எஞ்சின் இல்லை. சிலதில் ஃபோர்ட், சிலதில் பிஎம்சி, சிலதில் கவென்றி கிளைமக்ஸ். பூட்டியவரின் காசும் விருப்பமும் எப்படியோ அப்படித்தான் காரும் அமைந்தது. இப்படிப் பிறந்த ஒரு காரைப் பார்த்து ‘இது ஒரிஜினல் இல்லை’ என்று சொல்வதில் என்ன அர்த்தம்?

அதற்காக எப்படிச் செய்தாலும் சரி என்று நான் சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தக் கார் நிஜமாக இருந்திருக்க முடியுமா?

அந்தக் கேள்வியோடு மருமகனின் காரை அடுத்த சனிக்கிழமை முதன்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். அவன் பொனற்றையும் பக்கத் தகடுகளையும் பெயின்ற் இல்லாத அலுமினிய நிறத்தில் விட்டிருந்தான். மூக்குக்கும் மட்கார்டுகளுக்கும் மட்டும் சிவப்பு அடித்திருந்தான். ஏன் என்று கேட்டேன். “சீரிஸ் 2இல மூக்கும் மட்கார்டும் ஃபைபர்கிளாஸ், மாமா. அதை அலுமினியமாய்க் காட்டினால் பொய்” என்றான். எனக்கு வெட்கமாகிவிட்டது. இந்தப் பெடியன் இவ்வளவு தேடிப் படித்துச் செய்திருக்கிறான். பெரியவர் அதைக் கேட்கவில்லை. ‘சுப்பர்’ என்று சொன்ன நானும் கேட்கவில்லை.

பிறகு பொனற்றைத் திறந்தேன். எஞ்சினுக்கு அவனே மெல்லிய வயரால் பிளக் வயர்கள் போட்டிருந்தான். நிஜக் காரில் அந்த வயர் கிட்டத்தட்ட 7 மில்லிமீற்றர் தடிப்பு. 24ஆல் பிரித்தால் 0.3 மில்லிமீற்றர் வரும். அவன் சரியான வயரைத்தான் தேடி எடுத்திருந்தான். நான்கு சிலிண்டருக்கு நான்கு வயர். ஆனால் ஐந்தாவதைக் காணவில்லை. கொயிலிலிருந்து டிஸ்ரிபியூற்றருக்கு மின்சாரம் கொண்டுபோகும் வயர் அது. அது இல்லாவிட்டால் மற்ற நான்கிலும் பொறி வராது. அந்தக் கார் கராஜை விட்டு வெளியே வந்திருக்காது.

கடைசியாகச் சீற். பெரியவர் சிரித்தது அதைப் பார்த்துத்தான். சீற்றுகளுக்கு அவன் ஒட்டியிருந்தது என் அப்பாவின் பழைய கட்டம் போட்ட சாரத்திலிருந்து வெட்டிய துண்டு. அப்பா இப்போது இல்லை. தன் அம்மப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து கார் ஓட்டப் போட்டிகளைப் பார்த்து வளர்ந்தவன் இவன். அந்தச் சீற் ஏன் அங்கே இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

காரில் கட்டம் போட்ட துணியில் சீற் தைப்பது புதுமையும் இல்லை. முதல் கோல்ஃப் ஜிரிஐ காரிலும் கட்டம் போட்ட சீற்தான். அப்படியானால் சாரத் துணியில் ஒருவர் தன் செவனுக்குச் சீற் தைத்திருக்கலாம். ஆனால் அளவு? சாரத்தில் ஒரு கட்டம் 1 சென்ரிமீற்றர். 1:24 காரில் அதை ஒட்டினால், நிஜக் காரில் அது 24 சென்ரிமீற்றர் கட்டம். ஒரு சீற்றின் அகலத்துக்கு இரண்டு கட்டம்கூட முழுதாக வராது. துணியின் தடிப்பு 0.3 மில்லிமீற்றர் என்று வைத்தால், நிஜத்தில் 7 மில்லிமீற்றர் தடிப்பான துணி. அதில் சாரம் தெரியவில்லை, கால்மிதி தெரிந்தது.

இதை நான் கண்காட்சி நாளன்றே பார்த்திருந்தேன். சொன்னால் மனம் நோவான் என்று சொல்லாமல் விட்டேன். சொல்லாமல் விட்டதால் அவன் என்ன நினைத்தான்? சாரம் போட்டதே பிழை என்று நினைத்தான். பிழை சாரத்தில் இல்லை, 24ஆல் பிரிக்காததில் இருந்தது.

இது உங்களில் பலருக்குப் பழகின விஷயமாக இருக்கும். நாங்கள் தமிழ் கதைத்தால் ஒரு பக்கம், “இதென்ன தமிழ்?” என்று சிரிப்பார்கள். மற்றப் பக்கம், “இங்கே பிறந்த பிள்ளை இவ்வளவு கதைக்கிறதே பெரிசு” என்று கை தட்டுவார்கள். இரண்டு பக்கத்திலும் நாங்கள் என்ன சொன்னோம் என்று யாரும் கேட்பதில்லை. ‘இந்தச் சொல் இங்கே பொருந்தவில்லை, இதைப் போட்டுப் பார்’ என்று ஒருவர் சொன்னால், அவர்தான் எங்களை மதிக்கிறவர். நான் தமிழ் எழுதப் பழகியது கை தட்டியவர்களால் இல்லை, சிவப்புப் பேனையோடு பக்கத்தில் இருந்த ஒருவரால்.

ஆகவே உங்களில் யாராவது ஒரு கிற்றை வாங்கி உங்கள் விருப்பப்படி மாற்ற நினைத்தால், தாராளமாக மாற்றுங்கள். ஆனால் லோட்டஸ் சொன்னபடி கழற்றுவதிலிருந்து தொடங்குங்கள். பசை தொடுவதற்கு முன்னால், செய்முறைத் தாளைப் பார்த்து, ஒட்டக்கூடிய பாகங்களை மாஸ்கிங் ரேப்பால் மட்டும் பொருத்திப் பாருங்கள். எது எதில் முட்டுகிறது, பொனற் மூடுகிறதா, எந்தப் பாகம் பிறகு கண்ணுக்கே தெரியாது என்று விளங்கும். பிறகு கழற்றுங்கள். என்ன மாற்றப் போகிறீர்கள் என்பதை அப்போது முடிவெடுங்கள். என் வேலையிலும் இதே கதைதான். பத்து வருடத்துக்கு முன் யாரோ எழுதிய நிரலில் ஒரு வரி வீண் என்று தோன்றும். அது ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியாமல் அழித்தவர்கள் அன்றிரவு நித்திரை கொண்டதில்லை.

இரண்டாவது, எதைச் சேர்த்தாலும் 24ஆல் பெருக்கிப் பாருங்கள். தூரிகையால் தடிப்பாக அடித்த பெயின்ற் 0.1 மில்லிமீற்றர் இருந்தால், நிஜக் காரில் அது 2.4 மில்லிமீற்றர். கதவின் இடுக்கெல்லாம் அதில் மூடிப்போகும். மெல்லிய பூச்சாகப் பல தடவை அடியுங்கள். குரோம் பூசிய பாகங்களில் ஒட்டும் இடத்தைச் சுரண்டிவிடுங்கள். பிளாஸ்ரிக் பசை பிளாஸ்ரிக்கைக் கரைத்துத்தான் ஒட்டும், குரோமின் மேல் பிடிக்காது.

மூன்றாவது, யாராவது ‘ஒரிஜினல் இல்லை’ என்றால், “எது இருந்திருக்க முடியாது என்று சொல்லுங்கள்” என்று பணிவாகக் கேளுங்கள். தெரிந்தவர் என்றால் சொல்லித் தருவார். நீங்கள் ஒன்று படிப்பீர்கள். தெரியாதவர் என்றால் அவரே அடுத்த மேசைக்குப் போய்விடுவார்.

அந்தச் சனிக்கிழமை ஐந்தாவது வயரையும் 24 சென்ரிமீற்றர் கட்டத்தையும் பற்றி மருமகனிடம் சொன்னேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் சீற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஃபோனை எடுத்துக் கணக்குப் போட்டான்.

“அப்ப கட்டம் 0.4 மில்லிமீற்றர் வரவேணும். துணியில ஏலாது. சாரத்தைப் படமெடுத்துச் சின்னதாக்கி டெக்கல் தாளில பிரின்ற் பண்ணினால்?”

“பண்ணலாம்.”

“அம்மா, அம்மப்பான்ர சாரம் எங்கே?” என்று கேட்டபடி மேலே ஓடினான்.