பழைய நெல் என்றால் போதுமா?

காரைக்காலில் சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் ‘பாரம்பரிய நெல்லான மாப்பிள்ளைச் சம்பாவுக்கு மாறுங்கள், வயிறாரச் சாப்பிடலாம்’ என்று சொல்வது ஆபத்தான பேச்சு. நெல் ரகத்தின் பழமை இரத்தச் சர்க்கரையைத் தீர்மானிப்பதில்லை. அமைலோஸ் என்ற மாவுச்சத்து எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு தீட்டினார்கள், புழுங்கலா பச்சரிசியா, எவ்வளவு குழைய வடித்தார்கள் என்பவைதான் தீர்மானிக்கின்றன. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 235 ரகங்களைப் பார்த்தபோது, சோறு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று காட்டும் கிளைசெமிக் குறியீடு 48 முதல் 92 வரை விரிந்தது. அதில் குறைவான பக்கம் நின்ற சுவர்ணா பாரம்பரிய ரகமே அல்ல, ஆந்திரத்தில் உருவான நவீன ரகம்! தீட்டிய பொன்னியோ சென்னை ஆய்வொன்றில் 70ஐத் தொட்டது.

பழைய நெல்லைக் காக்கத்தான் வேண்டும். டெல்டா உழவருக்கு நல்ல விலையும் கிடைக்கட்டும். அதற்காக நோயாளியிடம் பொய் சொல்லக் கூடாது. சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து மீனும் கீரையும் கூட்டச் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்.