வேலையை விட்டுக் கடை வைக்கும் முன் வீட்டில் போட வேண்டிய கணக்கு

2025 ஜூலை இறுதியில் டிசிஎஸ் நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் நடுத்தர, மேல்மட்டப் பொறுப்புகளில் இருப்பவர்கள் என்றும் சொன்னது. முப்பத்தைந்து, நாற்பது வயதில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் பருவத்தில் இருப்பவர்கள்தான் இந்தப் பட்டியலில் வருகிறார்கள். அந்த அறிவிப்புக்குப் பிறகு, வேலை போகாதவர்களின் வீடுகளிலும் ஒரு பேச்சு அடிக்கடி கேட்கிறது: "இனி யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம். இருக்கிற காசைப் போட்டு ஒரு கடையை வைத்து உட்கார்ந்துவிடலாம்."

நம் சமுதாயத்துக்கு இது புதிய யோசனை அல்ல. கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போன நம் முன்னோர் வியாபாரிகளாகத்தான் போனார்கள். சென்னை மண்ணடியில் இன்றும் மூன்றாம் தலைமுறையாகக் கடை நடத்தும் குடும்பங்கள் உண்டு. அந்தக் கல்லாவில் காலை முதல் இரவு வரை உட்கார்ந்திருந்த தந்தைமார்கள்தான் "என் பிள்ளைக்கு இந்தக் கஷ்டம் வேண்டாம்" என்று சொல்லிப் பொறியியல் கல்லூரியில் சேர்த்தார்கள். இப்போது அந்தப் பிள்ளை அதே கல்லாவுக்குத் திரும்ப நினைக்கிறார்.

திரும்புவதில் இழிவு ஏதும் இல்லை. ஹலாலான வியாபாரத்தின் சிறப்பை நம் வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மதீனாவுக்கு வெறுங்கையோடு ஹிஜ்ரத் வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்த அன்சாரித் தோழரிடம் சந்தைக்கு வழி கேட்ட சம்பவத்தைப் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அவர் மக்காவிலேயே தேர்ந்த வியாபாரியாக இருந்தவர் என்பதை நாம் கவனிப்பதில்லை. பாலாடைக்கட்டியும் நெய்யும் என்ன விலைக்கு வாங்கி என்ன விலைக்கு விற்றால் கட்டுப்படியாகும் என்று அவருக்குத் தெரியும். பதினைந்து வருடம் கணினித் திரையைப் பார்த்தவருக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ளலாம். அதை ராஜினாமாவுக்கு முன் தெரிந்துகொள்வதா, பின் தெரிந்துகொள்வதா என்பதில்தான் ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பு நிற்கிறது.

லாபம் என்று எதைச் சொல்கிறோம்?

சென்னைப் புறநகரில் ஒரு சிறிய மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். இது உதாரணக் கணக்குதான். அவரவர் ஊருக்கும் தொழிலுக்கும் ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளலாம்.

கடை வாடகை மாதம் 12,000 ரூபாய். பத்து மாத அட்வான்ஸ் என்றால் 1,20,000. ரேக், தராசு, ஃப்ரிட்ஜ், பெயர்ப் பலகைக்கு 1,50,000. முதல் சரக்குக்கு 4 லட்சம். ஆக, கதவைத் திறக்கும் முன்பே 6,70,000 ரூபாய் உள்ளே போய்விடுகிறது.

தினம் 10,000 ரூபாய்க்கு விற்பனை நடக்கிறது. மாதம் 3 லட்சம். சராசரியாக 12 சதவீதம் மிஞ்சினால் 36,000 ரூபாய். அதில் வாடகை 12,000, மின்கட்டணம் 3,000, கெட்டுப்போனது, உடைந்தது, எலி தின்றது என்று 2,000 கழித்தால் மீதி 19,000. ஆள் வைக்கவில்லை, கணவர் தினம் பதினான்கு மணி நேரம் இருக்கிறார். அவர் சரக்கு எடுக்கவும் சாப்பிடவும் போகும்போது மனைவி நான்கு மணி நேரம் இருக்கிறார். இருவருக்கும் சேர்த்து மாதம் 540 மணி நேரம். 19,000 ரூபாயை அதால் வகுத்தால் மணிக்கு 35 ரூபாய்.

"மாதம் பத்தொன்பதாயிரம் லாபம்" என்று சொல்லும்போது கடை ஓடுவதாகத் தெரிகிறது. உண்மையில் அங்கே லாபம் என்று எதுவும் இல்லை. இரண்டு பேரின் மிகக் குறைந்த கூலியைத்தான் லாபம் என்று அழைக்கிறோம். போட்ட 6,70,000 ரூபாய்க்கு ஒரு ரூபாய்கூட வருமானம் வரவில்லை. மனைவியின் நான்கு மணி நேரத்துக்குக் கணக்கே எழுதப்படுவதில்லை. அதற்குப் பிறகு அவருக்குச் சமையலும் பிள்ளைகளின் படிப்பும் காத்திருக்கின்றன.

ஆகவே கடைக் கணக்கில் முதல் செலவாக உழைப்பவரின் சம்பளத்தை எழுத வேண்டும். கணவருக்கு இவ்வளவு, மனைவிக்கு இவ்வளவு என்று எழுதிக் கழித்த பிறகு மிஞ்சுவதே லாபம். எதுவும் மிஞ்சாவிட்டால் அந்தத் தொழிலை, அல்லது அந்த இடத்தை, அல்லது அந்த வாடகையை மாற்ற வேண்டும் என்பதை நோட்டுப் புத்தகமே சொல்லிவிடும்.

சுதந்திரம் பற்றியும் ஒரு வார்த்தை. அலுவலகத்தில் ஜும்ஆவுக்குப் போக மேலாளரிடம் கேட்க வேண்டியிருக்கிறது, சொந்தக் கடையில் அந்தத் தொல்லை இல்லை என்று சகோதரர்கள் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் மாலையில் கடைக்குக் கூட்டம் சேர்வதே மஃக்ரிப் நேரத்தில்தான். மேலாளர் இருந்த இடத்தில் இப்போது வாடிக்கையாளர் நிற்கிறார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பள்ளிக்குப் போகும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்தாவிட்டால் பிறகு அது வராது.

போட்டி மாறிவிட்டது

நம் தந்தையர் கடை வைத்தபோது எதிர்ச்சாரியில் இன்னொரு கடை இருந்தது. இப்போது போட்டி செல்பேசிக்குள் இருக்கிறது. பிளிங்கிட், ஸெப்டோ, இன்ஸ்டாமார்ட் போன்றவை பெருநகரங்களில் சில நிமிடங்களில் வீட்டு வாசலுக்குப் பொருளைக் கொண்டுவந்து தருகின்றன. ஓராண்டில் சுமார் 2 லட்சம் சிறு மளிகைக் கடைகள் மூடப்பட்டதாக அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர்கள் கூட்டமைப்பு 2024இல் கூறியது. இது வியாபாரத் தரப்பின் மதிப்பீடு. அரசு எடுத்த கணக்கெடுப்பு அல்ல. எண் கூடலாம், குறையலாம். ஆனால் அதே பிஸ்கட்டையும் அதே சோப்பையும் வாங்கி விற்கும் கடைக்குப் பெருநகரில் இடம் சுருங்கி வருவதைத் தெருவில் நடந்தாலே பார்க்கலாம்.

அப்படியானால் எந்தக் கடை நிற்கும்? செயலியால் செய்ய முடியாத ஒன்றைச் செய்யும் கடை நிற்கும். அளவெடுத்துத் தைத்துத் தருவது, பழுது பார்ப்பது, அறுத்தவர் யார் என்று தெரிந்து நம்பிக்கையோடு வாங்கும் இறைச்சி, அன்றன்று போடும் பலகாரம், முகர்ந்து பார்த்து வாங்கும் அத்தர், போட்டுப் பார்த்து வாங்கும் புர்கா என்று உதாரணங்கள் நம் தெருக்களிலேயே இருக்கின்றன. இவற்றில் எல்லாம் கைத்திறனோ அறிமுகமோ சரக்கோடு சேர்ந்து விற்கப்படுகிறது. அதனால் மிச்சமும் கூடுகிறது. அலுவலகத்திலிருந்து வெளியே வருபவர் "என்னிடம் எவ்வளவு பணம் இருக்கிறது?" என்று கேட்பதற்கு முன் "எனக்கு என்ன கைவேலை தெரியும்?" என்று கேட்க வேண்டும். தெரியாது என்றால், தெரிந்த ஒருவரின் கடையில் ஆறு மாதம் சனி, ஞாயிறுகளில் நின்று கற்றுக்கொள்ளட்டும். வாடகை இல்லாமல் கிடைக்கும் பயிற்சி அது.

வரியும் க்யூஆர் அட்டையும்

2025 ஜூலையில் பெங்களூருவின் பேக்கரி, பால், காய்கறி வியாபாரிகள் பலருக்கு மாநில வணிகவரித் துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது. யு.பி.ஐ. வழியாக அவர்களுக்கு வந்த பணத்தைக் கூட்டிப் பார்த்து, ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பைத் தாண்டிவிட்டீர்கள் என்று சொன்னது அந்த நோட்டீஸ். பயந்துபோன கடைக்காரர்கள் க்யூஆர் அட்டையை எடுத்துவிட்டு "ரொக்கம் மட்டும்" என்று எழுதி வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு, பழைய நிலுவையை வசூலிக்க மாட்டோம், ஆனால் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று முதலமைச்சர் சித்தராமையா அறிவித்தார்.

இதில் நமக்குப் பாடம் உண்டு. பொருள் விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். சேவைத் தொழிலுக்கு 20 லட்சம். மேலே சொன்ன மளிகைக் கடையில் தினம் 10,000 என்பது 11,000 ஆனாலே ஆண்டுக்கு 40 லட்சம் தாண்டிவிடும். லாபத்தைப் பார்க்காமல் விற்பனையைப் பார்த்துத்தான் இந்த வரம்பு. வரி உள்ள பொருளோடு அரிசி, காய்கறி, பால் போன்ற வரி இல்லாத பொருளையும் விற்றால் அதுவும் அந்த 40 லட்சத்துக்குள் சேரும். ஒன்றரைக் கோடி வரை விற்பவர்களுக்கு 1 சதவீதம் மட்டும் கட்டும் தொகுப்புத் திட்டம் இருக்கிறது. ஆனால் அந்த வரியை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்க முடியாது. சரக்கு வாங்கும்போது கட்டிய வரியையும் திரும்பப் பெற முடியாது.

2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசை போன்றவற்றின் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வாங்குபவர்களுக்கு மகிழ்ச்சி. பழைய விலையில் வாங்கி ரேக்கில் அடுக்கி வைத்திருந்த சிறு கடைக்காரருக்கோ, விநியோகஸ்தர் வித்தியாசத்தை ஈடுகட்டும் வரை அது கையைக் கடித்த சரக்கு. இத்தகைய திடீர் மாற்றங்களைத் தாங்க, சரக்கில் போடாத பணம் கொஞ்சம் தனியாக இருக்க வேண்டும்.

முதல் யாருடையது?

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் நம் வீடுகளில் பேசப்படாத விஷயம். முத்ரா திட்டத்தில் பிணை இல்லாமல் 10 லட்சம் வரை வங்கிக் கடன் கிடைக்கும். வட்டி என்பதால் நம்மில் பலர் அந்தப் பக்கம் போவதில்லை. ஆனால் அதே சகோதரர் மனைவியின் நகையை வங்கியில் அடகு வைக்கிறார். அதுவும் வட்டிதான். போதாக்குறைக்கு அந்த நகை அவருடையது அல்ல.

மஹராகக் கிடைத்ததும் தாய்வீட்டில் போட்டதும் மனைவியின் சொத்து. மார்க்கத்தில் இதில் கருத்து வேறுபாடு இல்லை. அவர் மனமுவந்து தரலாம். ஆனால் அது அன்பளிப்பா, கடனா, கூட்டு முதலீடா என்பதைத் தரும் நாளிலேயே பேசி எழுதிவைக்க வேண்டும். கடன் என்றால் எத்தனை பவுன், எப்போது திரும்பும் என்று இருக்க வேண்டும். கூட்டு என்றால் லாபத்தில் எத்தனை பங்கு என்று இருக்க வேண்டும். குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிக்கொள்வது பற்றியது. "கணவன் மனைவிக்குள் எதற்கு எழுத்து?" என்று கேட்பவர்கள், கடை மூடப்பட்ட பிறகு ஜமாஅத்தில் வந்து நிற்கும் குடும்பங்களைப் பார்த்தால் அப்படிக் கேட்க மாட்டார்கள். நகை போனதை விட, அது யாருடைய நகை என்ற பேச்சுதான் அங்கே உறவை முறிக்கிறது.

ஜமாஅத்துகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. பல ஊர்களில் பைத்துல்மாலும் வட்டியில்லாக் கடன் சங்கங்களும் மருத்துவத்துக்கும் படிப்புக்கும் உதவுகின்றன. சிறு தொழிலுக்கும் ஒரு பகுதியை ஒதுக்கலாம். கடன் கொடுக்கும் முன் அனுபவமுள்ள வியாபாரிகள் இருவரை வைத்துக் கணக்கைப் பார்க்கச் சொன்னால், பணத்தை விட அந்த ஆலோசனையே பல கடைகளைக் காப்பாற்றும்.

வெளியே வரும் முறை

வேலையை விடுவது என்று முடிவாகிவிட்டால் சில விஷயங்களை முன்கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். நிரந்தர ஊழியருக்கு ஐந்தாண்டு பணி முடிந்தால் ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு. சில மாதங்களே குறைகின்றன என்றால் முடித்துவிட்டு வெளியே வருவதே புத்திசாலித்தனம். பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டு சேவை வேண்டும். ராஜினாமா செய்தால் நிறுவனம் தந்துவந்த குடும்ப மருத்துவக் காப்பீடும் அத்துடன் போய்விடும். வீட்டில் வயதான பெற்றோர் இருந்தால் கடையின் முதலீட்டுக்கு முன் இதற்குத்தான் ஏற்பாடு தேவை.

கடை வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்துகொள்வது அவசியம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் நகர்ப்புறங்களில் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வேறுவிதமாக ஒப்புக்கொண்டு எழுதாதபட்சத்தில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. கடை சூடுபிடித்த பதினொன்றாம் மாதத்தில் "காலி செய்" என்று கேட்டால் கையில் காட்ட ஒரு தாள் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு எல்லையைக் குறிக்க வேண்டும். எத்தனை மாதம், எவ்வளவு தொகை வரை நட்டம் தாங்குவது? அதைத் தாண்டினால் கடையை மூடிவிட்டு வேறு வேலை தேடுவது என்று முன்பே முடிவு செய்திருந்தால், மூடும் நாளில் அவமானம் இருக்காது. மேலும் கடன் வாங்கி இழுத்துக்கொண்டே போகும் நிலையும் வராது. அந்தக் கூட்டத்தில் மனைவியும், கடையில் நிற்கப்போகும் வளர்ந்த பிள்ளையும் இருக்க வேண்டும். கடையில் அவர்களின் உழைப்பும் நகையும் இருக்கும்போது முடிவு மட்டும் ஒருவருடையதாக இருப்பது நியாயம் அல்ல.

ராஜினாமாக் கடிதம் எழுத நினைக்கும் சகோதரர்கள் இந்த வார விடுமுறையில் ஒரு நோட்டை எடுத்து, தம் வீட்டின் எண்களைப் போட்டு மேலே சொன்ன கணக்கை எழுதிப் பார்க்கட்டும். எழுதி முடித்ததும் அதை மனைவியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லட்டும். அவர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் இருந்தால் கடையைத் திறக்கலாம்.