கறிச்சோற்றுக்கு வெட்கம், குவார்ட்டருக்கு இல்லையா?

நம் வீட்டு அடுப்பில் வேகும் பல உணவுகளுக்கு நாம் வெளியில் பெயர் சொல்வதில்லை. மாட்டுக்கறி என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'பெரிய கறி' என்கிறோம். கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் அன்று சன்னலைச் சாத்துகிறோம். வெளியூரில் படிக்கப் போகும் பிள்ளையிடம், "வீட்டில் என்ன சமைப்பீங்கன்னு யாராவது கேட்டா சாம்பார்னு சொல்லிடு" என்று சொல்லி அனுப்புகிறோம். நகரத்தில் வாடகைக்கு வீடு தேடினால், "கறி சமைப்பீங்களா?" என்பதே முதல் கேள்வி. சாதியை நேரே கேட்கக் கூச்சப்படுபவர்கள் சட்டியைப் பற்றிக் கேட்கிறார்கள்.

இப்படி நாம் மறைக்கும் உணவு எது என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். கேழ்வரகுக் களி, நொய்க்கஞ்சி, பழைய சோறு, முருங்கைக்கீரைப் பொரியல், வயல் நண்டுச் சாறு, நத்தை வறுவல், கருவாட்டுக் குழம்பு, குடல் கறி, ரத்தப் பொரியல், மஞ்சளும் உப்பும் தடவிக் கயிற்றில் கோத்துக் காயவைத்த உப்புக்கண்டம். நிலமும் மாடும் கையில் இல்லாதவர்கள், வயலும் ஏரியும் இறைச்சிக் கடையில் விலை குறைந்த பகுதியும் தந்ததைக் கொண்டு உருவாக்கிய சமையல் இது. காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கும், பிள்ளை பெற்றவளுக்கும், மழைநாளில் வேலையில்லாமல் திரும்பியவருக்கும் தெம்பு தந்தது இந்தச் சோறுதான்.

இதன் சத்தில் குறை சொல்ல எவராலும் முடியாது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே அளவு பாலில் இருப்பது சுமார் 120 மில்லிகிராம்தான். ஈரலிலும் ரத்தத்திலும் இறைச்சியிலும் உள்ள இரும்புச்சத்தை, கீரையில் உள்ளதைவிட உடம்பு எளிதாக ஏற்றுக்கொள்கிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை என்கிறது தேசியக் குடும்பநல ஆய்வு. 'சுவரொட்டி தின்றால் ரத்தம் ஊறும்' என்று நம் பாட்டிமார் சொன்னது அந்த நோய்க்கான மருந்தைத்தான். இன்று கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் நட்சத்திர விடுதிகளில் 'பாரம்பரிய உணவு' என்று நல்ல விலைக்குப் போகின்றன. களிக்கு மரியாதை கிடைத்துவிட்டது. அதைக் கிண்டிய கைக்குக் கிடைக்கவில்லை.

மாட்டுக்கறி தின்பதால்தான் ஒதுக்குகிறோம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1936ஆம் ஆண்டு ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் சக்வாரா கிராமத்தில், யாத்திரை முடித்துத் திரும்பிய தீண்டத்தகாதவர் ஒருவர் தம் மக்களுக்கு விருந்து வைத்தார். பந்தியில் நெய் பரிமாறினார். நூற்றுக்கணக்கான சாதி இந்துக்கள் தடிகளுடன் வந்து உணவைப் பாழாக்கி, உண்டுகொண்டிருந்தவர்களை அடித்து விரட்டினார்கள். அண்ணல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். மாட்டுக்கறியால்தான் இழிவு என்றால், நெய்ச்சோறு உண்டவர்களை ஏன் அடித்தார்கள்? குற்றம் தட்டில் இருந்த பண்டத்தில் இல்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்தவன் யார் என்பதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

நம் ஊர்ச் செய்திகளும் இதையே சொல்கின்றன. கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 உயிர்கள் எரிக்கப்பட்டதற்கு முன்னால் நடந்தது, கூடுதல் கூலி நெல் கேட்ட போராட்டம். 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று கிளம்பினார்கள். அவர் சமைக்கவிருந்தது அரசு கொடுத்த அரிசி, பருப்பு, முட்டை. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சி பிரியாணிக்கு மட்டும் இடமில்லை. எதிர்ப்பு எழுந்தது, மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது, இது பாகுபாடு அல்லவா என்று மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. நாம் சமைத்தாலும் தீட்டு, நாம் தின்றாலும் தீட்டு என்றால், உணவை மாற்றிக்கொண்டு அந்தத் தீட்டிலிருந்து தப்பிவிட முடியாது. ஆகவே நம் சோற்றுக்காக வெட்கப்பட ஒரு காரணமும் இல்லை.

இதுவரை சொன்னது ஊருக்கு. இனி நமக்குள் ஒரு பேச்சு.

மேல்தட்டு வீடுகளில் எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் பொருந்தும், அதில் விலை மலிவானது எது என்று பேசிக்கொள்கிறார்கள். நம் ஊரில் மதுக்கடைக்கே 'ஒயின்ஷாப்' என்றுதான் பெயர். ஆனால் அங்கே போகிற நம்மவர்களில் ஒயின் வாங்குபவர் ஒருவரும் இல்லை. வாங்குவது குவார்ட்டர். அதன் துணையாகத் தட்டில் வருவது நம் மாட்டுக்கறி வறுவல், குடல் வறுவல், வறுத்த மீன். வீட்டில் வெட்கப்பட்டு மறைத்த அதே கறிக்கு பாரில் 'சைடு டிஷ்' என்று பெயர். வளரும் பிள்ளைக்கும் ரத்தம் குறைந்த மனைவிக்கும் போக வேண்டிய புரதமும் இரும்பும் அங்கே தீர்ந்துபோகின்றன. வீட்டில் எல்லோரும் தின்று மிஞ்சியதைக் கடைசியாகத் தின்பவள் அம்மா. அவள் தட்டுக்குக் குழம்பு வரும், துண்டு வராது.

ஒரு கணக்குப் போடுவோம். 2024 பிப்ரவரியில் விலை உயர்ந்தபோது சாதாரண ரக குவார்ட்டர் ஒன்று 140 ரூபாய் ஆனது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான், 2023இல், அரசு விடுதியில் தங்கிப் படிக்கும் பள்ளி மாணவருக்கான உணவுப்படி மாதம் 1,400 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒரு நாளைக்கு 47 ரூபாய்கூட இல்லை. அப்படியானால் ஒரு குவார்ட்டர் என்பது நம் பிள்ளையின் மூன்று நாள் சாப்பாடு. பத்து குவார்ட்டர் ஒரு முழு மாதச் சாப்பாடு. நாள்தோறும் ஒன்று என்று குடிப்பவர், மூன்று பிள்ளைகளுக்கு அரசு ஒதுக்கும் உணவுப் பணத்தை மாதாமாதம் தனியாகக் குடித்துத் தீர்க்கிறார்.

டாஸ்மாக் வருவாய் 2024-25இல் 48,000 கோடி ரூபாயைத் தாண்டியது. விடுதிப் பிள்ளையின் தட்டுக்கு 47 ரூபாய் ஒதுக்கவே யோசிக்கும் அரசு, அப்பனின் சட்டைப்பையிலிருந்து 140 ரூபாயைத் தயங்காமல் எடுத்துக்கொள்கிறது. இதை அரசிடம் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் நாமும் சட்டைப்பையை மூடிக்கொள்ளப் பழக வேண்டும்.

'குடி என்றால் சேரிதான்' என்ற பழியை நாம் ஏற்கவில்லை. எல்லாத் தெருக்காரர்களும் குடிக்கிறார்கள். ஆனால் பத்து ஏக்கர் உள்ளவன் குடித்தால் அரை ஏக்கர் போகும். கூலிக்காரன் குடித்தால் அன்றைய உலை போகும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடங்காய்ச்சிகள். உழைத்த உடம்பின் வலி தீரக் குடிக்கிறோம் என்பது உண்மையாகவே இருக்கட்டும். வலியைத் தந்த வேலைக்குக் கூலி உயர்த்திக் கேட்க வேண்டிய நாக்கு அந்த நேரத்தில் குழறிக் கிடக்கிறது. அதில் லாபம் யாருக்கு?

1987 முதல் தடையில் இருக்கும் கள்ளைத் திறந்துவிட்டால் சரியாகும் என்று சிலர் வாதிடுகிறார்கள். வயல் வேலை முடிந்து கள்ளும் நண்டுமாக உட்கார்ந்த காலத்தை நம் பெரியவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். குவார்ட்டரைவிடக் கள்ளில் போதை குறைவு என்பதும் சரி. ஆனால் கடையின் பலகை மாறினால் மட்டும் பிள்ளையின் தட்டில் முட்டை வந்து விழாது. அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் ஏற்றபோது மக்களுக்குத் தந்த 22 உறுதிமொழிகளில், மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. நாம் ஏன் அதை மட்டும் எண்ணாமல் விட்டுவிடுகிறோம்?

செய்ய வேண்டியவை நம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. அடுத்த கிராம சபையில் இரண்டு தீர்மானங்கள் கேட்போம். ஒன்று, குடியிருப்புக்கும் பள்ளிக்கும் அருகே உள்ள மதுக்கடையை அகற்றுவது. இரண்டு, விடுதிப் பிள்ளைகளின் உணவுப்படியை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தி, உணவுப் பட்டியலில் கேழ்வரகு, கருவாடு, விரும்புவோருக்கு மாட்டிறைச்சி ஆகியவற்றைச் சேர்ப்பது. தமிழ்நாட்டில் மாட்டிறைச்சி உண்பது குற்றமல்ல. நம் பெண்கள் சமைத்த பள்ளி உணவைச் சாதி சொல்லிப் புறக்கணித்தால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகார் அளிக்க வேண்டிய செயல். 14566 என்ற இலவச எண்ணிலும் முறையிடலாம். குடியை விட விரும்புபவரைக் கேலி செய்யாதீர்கள். பல ஆண்டுகள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மாணவத் தம்பி தங்கைகளே, உங்கள் வீட்டில் என்ன குழம்பு என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். கேட்டவர் முகம் சுளித்தால் அது அவர் முகத்தின் கோளாறு. மாலையில் வீடு திரும்பும் அப்பாவிடமும் அண்ணனிடமும் அதே துணிவோடு இன்னொன்றும் சொல்லுங்கள்: "கறி வாங்கினால் வீட்டுக்கு வாங்கி வாங்க. எல்லோரும் சேர்ந்து தின்போம். முதல் துண்டு அம்மாவுக்கு."