வள்ளிக்கு இல்லாத தடை அர்ச்சகருக்கு மட்டும் ஏன்?

குறவர் குலத்து வள்ளியை முருகன் மணந்த தலம் திருத்தணி என்பது ஐதீகம். சாமியே சாதி பார்க்கவில்லை. சாமிக்குப் பூசை செய்யும் வேலைக்கு மட்டும் சாதி எதற்கு?

"ஆகமம்" என்பார்கள். சரி, சட்டம் என்ன சொல்கிறது? அர்ச்சகர் பணிக்கு வாரிசுரிமை கிடையாது, நியமனம் மதச்சார்பற்ற செயல்தான் என்று சேஷம்மாள் வழக்கில் 1972-லேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ஆகமத்தை மீறக்கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. அந்தச் சந்து போதாதா?!

தகுதியுள்ள எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று 2006-ல் தமிழக அரசு ஆணையிட்டது. 200 பேருக்கு மேல் ஆகமமே படித்துத் தேறினார்கள். ஆனால் வழக்கு முடிய 2015 ஆனது. அவர்களில் 24 பேருக்குப் பணி ஆணை கிடைத்தது 2021-ல்!

படித்த பின்னும் தடுத்தது ஆகமம் அல்ல, பிறப்பு. வேறு எந்த வேலையில் இதைச் செய்தாலும் தீண்டாமை என்போம். இங்கே மட்டும் மரபா?