படகில் பாட்டு கேட்கலாம்... வயர்லெஸ்ஸும் கேட்கணும்!

தங்கு கடலுக்குப் போகிற விசைப்படகில் பாட்டு இல்லாவிட்டால் வேலையே ஓடாது. கேபினில் ஒரு கார் ஸ்டீரியோ, செல்போன் பாட்டுக்குத் தனியாக ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், பக்கத்திலேயே வி.ஹெச்.எஃப் வயர்லெஸ். இருப்பதோ இரண்டே ஸ்பீக்கர். எல்லாவற்றையும் அதிலேயே கோத்துவிட்டால் என்ன என்றுதான் யாருக்கும் தோன்றும்.

கோக்கலாம். ஆனால், ஸ்டீரியோ வயரையும் ஆம்ப்ளிஃபயர் வயரையும் முறுக்கி ஒரே ஸ்பீக்கரில் சொருகாதீர்கள். ஒன்று அனுப்பும் மின்சாரம் ஸ்பீக்கரோடு நிற்காது. இன்னொன்றின் உள்ளேயும் பாயும். ஸ்பீக்கர் தப்பித்துக்கொள்ளும், உள்ளே இருக்கும் ஐ.சி புகைந்துவிடும்.

நடுவில் ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள். பிளஸ்ஸை மட்டும் மாற்றினால் போதும், மைனஸ் பொதுவாக இருக்கட்டும் என்பார்கள். கேட்காதீர்கள். இப்போது வரும் கார் ஸ்டீரியோக்களில் ஸ்பீக்கரின் மைனஸ் வயரிலும் சிக்னல் ஓடுகிறது, அது எர்த் கிடையாது. இரண்டு ஸ்பீக்கர் என்றால் நான்கு வயரும் சேர்ந்து மாற வேண்டும். என்னைக் கேட்டால், இரண்டாவது ஆம்ப்ளிஃபயரே தண்டம். செல்போனை ஸ்டீரியோவின் ஆக்ஸ் துளையிலோ புளூடூத்திலோ இணைத்தால் வேலை முடிந்தது.

வயர்லெஸ்ஸை மட்டும் இந்தக் கூட்டணியில் சேர்க்கவே கூடாது. சுவிட்ச் பாட்டுப் பக்கம் இருந்தால், 16-ம் சேனலில் யாராவது உயிருக்குக் கூப்பிட்டாலும் உங்கள் படகில் கேட்காது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த பல படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. வயர்லெஸ் எட்டாத தூரத்தில் இருந்தவர்கள் என்ன செய்வார்கள்? எட்டுகிற தூரத்தில் இருந்துகொண்டு, பாட்டுச் சத்தத்தில் கேட்காமல் போவது என்ன நியாயம்? பெரும்பாலான வி.ஹெச்.எஃப் செட்டுகளில் வெளி ஸ்பீக்கருக்கு என்றே தனி வயர் உண்டு. அதில் ஒரு சின்ன ஸ்பீக்கரை மாட்டி, டிரைவர் காதுக்குப் பக்கத்தில் வையுங்கள். பாட்டு எவ்வளவு சத்தமாக ஓடினாலும் அது கேட்கிறதா என்று கரையிலேயே சோதித்துவிடுங்கள்.

அடுத்து பேட்டரி. பல படகுகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுப்பார்கள். ஸ்டீரியோவுக்கு 12 போதுமே என்று ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுத்தால், அது தினமும் இறங்கும். மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும். கடைசியில் இரண்டும் போய், நடுக்கடலில் செல்ஃப் எடுக்காது. 24-லிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வாங்குங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸும் போடுங்கள்.

இன்னொன்று, ஸ்பீக்கரின் முதுகில் இருப்பது காந்தம். ஆணி அடிக்கும் முன், அந்த இடத்தில் ஸ்பீக்கரைக் கையில் பிடித்துக்கொண்டு திசைகாட்டியைப் பாருங்கள். ஊசி துளி அசைந்தாலும் வேறு இடம் தேடுங்கள்.