ஞானியர்க்கு ஒரு தொப்பி

மூவரசர் திருநாள் நெருங்கிவிட்டால், நம் பங்குகளில் சிறுவர் நாடகத்திற்கான ஆயத்தங்கள் தொடங்கிவிடும். தகதகக்கும் முடிக்காகப் பெற்றோர் கோவையின் வாடகைக் கடைகளில் ஏறி இறங்குவர். சென்ற ஆண்டு, வாடகை கொடுக்க இயலாத தாய் ஒருவர், "நமக்கு வேசம் வேண்டாங் கண்ணு" என்று மகனைப் பின்வரிசையில் அமர்த்திக்கொண்டதைக் கண்டோம். அக்காட்சி இன்னும் நம் நெஞ்சை உறுத்துகிறது.

உண்மையில் முடி தேவைதானா? மத்தேயு நற்செய்தியின் 2-ஆம் அதிகாரம் அவர்களை ஞானிகள் என்கிறதேயன்றி அரசர் என்று கூறவில்லை. மூவர் என்றும் கூறவில்லை. ஆகவே நான்காம் பிள்ளைக்கும் மேடையில் இடமுண்டு. உரோமையின் 4-ஆம் நூற்றாண்டுக் கல்லறைச் சிற்பங்களில், நுனி முன்னோக்கி வளைந்த கீழ்நாட்டுத் தொப்பியோடு அவர்கள் காணப்படுகின்றனர். முடி, பிற்கால ஓவியர் சூட்டியது.

அத்தொப்பியை நாமே தைக்கலாம். திருப்பூர்ப் பனியன் துணியின் வெட்டுத்துண்டுகள் நம் பகுதியில் எளிதில் கிடைப்பவை. பிள்ளையின் தலைச் சுற்றளவை நூலால் அளந்துகொள்க. அது 20 அங்குலமாயின், 11 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள இரு சிவப்புத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலே குறுகி முன்னோக்கி வளையுமாறு வெட்டுக. அடிப்புறத்தை விட்டு, மற்ற ஓரங்களை அரை அங்குலம் உள்ளடங்கத் தைத்துப் புரட்டுக. நுனியில் சிறிது பஞ்சு அடைத்து, விளிம்பில் பழஞ்சேலைச் சரிகையை வைத்துத் தைத்தால் தொப்பி ஆயத்தம்.

துணி மிஞ்சினால், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் ஒன்று தைப்போம். இவ்வாண்டு எந்தக் குழந்தையும் பின்வரிசையில் அமர வேண்டாம்.